மூன்றாம் கட்டத்துத் தண்ணீர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், தாயிகளா. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இந்த வாரம் நடுவில் எழுந்து போக முடியாது. உங்களுக்கு ஒரு கதை தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் முடிச்சு அவிழ்கிற இடத்துக்கு இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. தங்கத்தாய் இலஞ்சியில் அண்ணன் மகாராஜா வீட்டில் எட்டு வருஷமாக இருக்கிறாள். புருஷன் பாண்டித்துரை குற்றாலத்து மலைத் தண்ணீரோடு போய்விட்டான். மகள் அபி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மகாராஜாவுக்குத் தென்காசியில் பிளக்ஸ் கடை. கல்யாண வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே கைதான். அது போக, சென்னையிலிருந்து வருகிற ஒரு சித்திரக்கதை மாத இதழுக்கு அவன் படம் வரைகிறான். கறுப்புக் கோடு மட்டும். அதற்கு நிறம் போட்டுக்கொண்டிருந்த மதுரைக்காரன் கோபித்துக்கொண்டு போன பிறகு, அந்த வேலை தங்கத்தாய் தலையில் விழுந்தது.

நாலு மாதமாகப் படிக்கிறாள். டேப் என்கிற தொடுபலகையில் படம் திறந்து, கோடு இருக்கிற லேயரை, அதாவது அடுக்கை, பூட்டி வைத்து, அதற்கு அடியில் இன்னொரு லேயர் போட்டு, அதில்தான் நிறம் ஊற்ற வேண்டும் என்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று. வீடியோவில் சொல்லித் தருகிறவள் இங்கிலீஷில் சொல்வாள்; அபி பக்கத்தில் இருந்து தமிழில் சொல்வாள். முதல் நாள் ஒரு ராஜாவின் முகத்தில் நிறம் ஊற்றினாள். ராஜா, அரண்மனை, ஆகாயம், பக்கம் முழுக்க ஒரே மாநிறம். கோட்டில் எங்கோ மயிரிழை அளவுக்கு இடைவெளி. அது போதும், ஊற்றியதெல்லாம் வெளியே ஓடிவிடும்.

"கோடு சேராத எடத்தைக் கண்டுபிடிச்சு மொதல்ல அடைக்கணும்மா," என்றாள் அபி. "அதுக்கப்புறந்தான் ஊத்தணும்."

அதைத் தங்கத்தாய் மறக்கவில்லை.

போன வாரம் சென்னையிலிருந்து இதழின் ஆசிரியர் சாம் பேசினான். "மேடம், இந்தக் கதைக்கு உங்க பேரைப் போட்டுர்றோம். 'வண்ணம்: தங்கத்தாய்'. கடைசிப் பக்கம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள வந்துடணும். அவ்வளவுதான்."

பள்ளிக்கூடத்துப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்கிற இடத்தில் அபி இத்தனை வருஷமும் ஒரு சின்னக் கோடு போட்டுக் கொடுப்பாள். இந்த முறை அடித்துவிட்டு எழுதினாள்: வண்ண ஓவியர். புத்தகம் வந்ததும் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று வகுப்பில் சொல்லியும் வைத்துவிட்டாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

* * *

காலை ஒன்பதரைக்கு மகாராஜா பைக் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றான். வெளியே சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

"கடைசிப் பக்கத்தை அனுப்பிட்டேன், பாத்துக்க. அஞ்சு மணிக்குள்ள முடி. ஒரு பக்கந்தானேன்னு இழுத்துக்கிட்டுக் கெடக்காத."

"என்ன கதைண்ணே? முன்னாடி குடுத்த பக்கமெல்லாம் மலையும் ரோடும் பஸ்ஸுமா இருக்கு. பேசுற கூடெல்லாம் வெறுசாக் கெடக்கு."

"எழுத்து சாம் போடுவான். கதை ஒனக்கு எதுக்கு? வெள்ளையடிக்கிறவன் வீட்டுக்காரன் சாதகமா கேக்கான்?"

உள்ளிருந்து மகாராஜாவின் மனைவி, மைனி மஞ்சு சிரித்தாள். "பேரு வேற போடுதாவளாம்லா! பேரு வந்தா என்ன, கொழம்பு ருசிச்சிருமா? ஏட்டி தங்கம், மீன்காரன் வந்துட்டுப் போயிட்டான். அலசி வச்சிட்டுப் போயி கலரடி."

"ஒரு நாளைக்கு நீங்க அலசிக்கிடுங்க மைனி. அஞ்சு மணிக்குள்ள..."

மகாராஜா சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்கினான். சலங்.

தங்கத்தாய் மீன் பாத்திரத்தை எடுத்தாள்.

அது என்ன சாவி, அது என்ன சத்தம் என்று கேட்கிறீர்களா? மஞ்சுவுக்கும் தெரியாது, அபிக்கும் தெரியாது. அண்ணனுக்கும் தங்கைக்கும் மட்டும் தெரியும். அது ஒரு கொலுசை அவளுக்கு ஞாபகப்படுத்துகிற சத்தம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசன் நாள். ஊர்க்காரர்கள் கூட்டமாய்க் கிடக்கிற அருவிக்குப் போக மாட்டார்கள். மேலே பழத்தோட்டப் பக்கம் பேரில்லாத ஒரு சின்ன அருவி உண்டு. அங்கே கம்பியும் கிடையாது, காவலும் கிடையாது. அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். குளிக்கிறவர்களில் ஒருவர் தண்ணீரில் இறங்காமல், மேல்பாறையில் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மலையிலிருந்து வெள்ளம் இறங்குமுன் முதலில் காட்டு இலை வரும். அப்புறம் தேத்தண்ணி நிறம். அப்புறம் செம்மண். இலை கண்ணில் பட்ட உடனே பாறைக்காரன் "கலங்குது"ன்னு கத்த வேண்டும். கத்தினால் பிழைத்தார்கள்.

அன்றைக்குப் பாறைக்காரன் மகாராஜா. குளித்து முடித்துக் கரையேறியபோது தங்கத்தாயின் கால் கொலுசு ஒன்று காணவில்லை. "எறங்கி ஒரு கை துழாவிப் பாருங்களேன்"னு புருஷனிடம் அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏழு வயது அபிக்கு உடை மாற்றக் கீழே ஒற்றையடிப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்து போயிற்று.

"சிக்னல் இல்லைன்னு நான் ரோட்டுக்குப் போயிருந்தேன்," என்றான் மகாராஜா. "நான் வார வரைக்கும் யாரும் எறங்காதீகன்னு சொல்லிட்டுல்லா போனேன்? காவல் இல்லாத தண்ணிக்குள்ள அவன எதுக்குட்டி எறக்குனே?"

அவன் சொல்லிவிட்டுப் போனது அவள் காதில் விழுந்ததாக நினைவில்லை. அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று அவளே சமாதானம் செய்துகொண்டாள். ஊருக்கு "வழுக்கிட்டான்" என்று சொல்லி அவளைக் காப்பாற்றியதும் அந்த அண்ணன்தான். காப்பாற்றிய கை எட்டு வருஷமாய்ச் சாவியைக் குலுக்குகிறது.

* * *

மீன் அலசி, இஞ்சி தட்டிக் கொடுத்து, டேப்பை மடியில் வைத்தபோது மணி பதினொன்று.

வீடு மெழுகுகிறவள் உள்ளே தொடங்கி வாசலுக்கு வருவாளே, அதுபோலத் தங்கத்தாய் எப்போதும் கடைசிக் கட்டத்தில் தொடங்கி மேலே ஏறுவாள். அதையும் அண்ணன் கேலி செய்வான். படத்தைப் பெரிதாக இழுத்துக்கொண்டாள். ஐந்தாம் கட்டம். பாறை. சாம்பலில் கொஞ்சம் பச்சை கலந்து ஊற்றினாள். பாறையின் இடுக்கில் வளைவாக ஏதோ கிடந்தது. இன்னும் பெரிதாக்கினாள்.

கொலுசு.

அதில் மூன்று சின்ன மணிகள். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் நூல் சுற்றியிருந்தது.

கொக்கி உடைந்தபோது அந்த நூலைச் சுற்றியவள் அவள். பச்சை நூல்.

இரண்டு விரலால் படத்தைச் சுருக்கிப் பக்கம் முழுவதையும் பார்த்தாள். முதல் கட்டத்தில் ஒரு பெண் தண்ணீரைக் காட்டிக் கையை நீட்டுகிறாள். நீட்டின கையில் அதிகாரம். முகம் சுளித்திருக்கிறது. இரண்டாவதில் அவள் சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் போகிறாள். மூன்றாவதில் அருவிக்கடியில் ஒருவன் குனிந்து தேடுகிறான். நான்காவதில் வெள்ளம். ஐந்தாவதில் கொலுசு மட்டும்.

கடைக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் பிளக்ஸ் மிஷின் இரைந்தது.

"அண்ணே. இது என் கதைல்லா?"

"ஏட்டி, கஸ்டமர் நிக்காவ. கதைதான். ஒன் பேரா போட்டுருக்கேன்? 'தங்கம்'னு இருந்துச்சு, அதையும் சாம்ட்ட சொல்லி 'செல்வி'ன்னு மாத்தியாச்சு."

"அந்த மொகம் என் மொகம்ணே."

"பொம்பளைன்னு வரையணும்னா எதிர்ல இருக்குத மொகந்தானே வரும்? இத்தன வருசம் சோறு போட்டதுக்கு ஒரு மொகம் தரக்கூடாதா?"

"அபி படிப்பாண்ணே. கிளாஸ்ல காட்டுதேன்னு சொல்லி வச்சிருக்கா."

அந்தப் பக்கம் மகாராஜா மிஷினை நிறுத்தினான்.

"படிக்கட்டும். என்னைக்காவது தெரிய வேண்டியதுதானே. நானா சொல்லல, படம் சொல்லுது. அந்த மொதக் கட்டத்தைத்தான் சாம் ரொம்பப் புடிச்சுருக்குன்னான். 'உண்மைச் சம்பவம்'னு மேல போடப் போறான். ஒனக்கு முடியலைன்னா இப்பமே சொல்லு, ஆன்லைன்ல ஆயிரம் பேரு இருக்கான். படம் எப்படியும் வரும். ஒன் பேருதான் வராது."

போனை வைப்பதற்கு முன்னால் சாவியைக் குலுக்கினான். போனிலும் அது தெளிவாகக் கேட்டது.

தங்கத்தாய் எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கோட்டை மாற்ற முடியாது; பூட்டிய லேயர். நிறம் அவள் கையில் இருக்கிறது. அன்றைக்கு அவள் கட்டியிருந்தது மஞ்சள் பூனம் சேலை. இந்தச் செல்விக்கு நீலத்தில் சுடிதார் மாதிரி தெரிகிற நிறம் போடலாம். அவளைச் சிவப்பாக்கலாம். குழந்தைக்குச் சுருட்டை முடியை மறைத்துத் தொப்பி மாதிரி காட்டலாம். அபி பார்த்தால் வேறு யாரோ என்று நினைக்க வேண்டும். தாயி, நிறத்தால் ஒளிந்துகொள்ள நினைத்தாள் அவள்.

நான்காம் கட்டம் முடிந்தது. மூன்றாம் கட்டத்துக்கு வந்தாள்.

தண்ணீருக்குள் சின்னச் சின்ன மூடிய வடிவங்கள். நாற்பது ஐம்பது இருக்கும். குமிழி என்றால் வட்டமாக இருக்க வேண்டும், இது நீளம். ஒவ்வொன்றையும் தொட்டு ஊற்ற வேண்டும், என்ன நிறம் என்று தெரிய வேண்டும். அண்ணனுக்குப் போன் போட்டுப் பேச மனசில்லை. ஒரு குரல் செய்தி அனுப்பினாள்: "மூணாவது கட்டத்துல தண்ணிக்குள்ள பொடிப்பொடியா என்னமோ கெடக்கே, நுரையா அது?"

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. பின்னணியில் யாரோ பேனருக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நுரை இல்லட்டி, எலை. காட்டு எலை. கலங்குததுக்கு முன்னாடி கொத்துக் கொத்தா வந்துச்சுல்லா, அது. பிரவுன் போடு. தண்ணிய வெள்ளையா விட்டுரு, பாக்க எடுப்பா இருக்கும்."

தங்கத்தாய் ஒரு இலைக்குப் பழுப்பு ஊற்றினாள். இரண்டாவதற்கு ஊற்றினாள். மூன்றாவதில் பேனா நின்றது.

அந்தச் செய்தியைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

அவள் போனபோது தண்ணீரில் இலை இல்லை. அவள் திரும்பியபோது அருவியே இல்லை. செம்மண் சுவர்தான் இருந்தது. நடுவில் இலை வந்ததைப் பார்த்தது யார்?

படத்தை மெல்லச் சுருக்கினாள். மூன்றாம் கட்டத்தை இப்போது வேறு கண்ணால் பார்த்தாள். அருவி கீழே இருந்து தெரியவில்லை. மேலே இருந்து தெரிகிறது. பாண்டித்துரையின் தலை, தோள், தண்ணீருக்குள் துழாவுகிற கை. மேல்பாறையில் நின்றால் மட்டும்தான் அருவி இப்படித் தெரியும். கட்டத்தின் கீழோரம் ஒரு செருப்பு நுனிகூட வந்திருந்தது.

பாண்டித்துரை தேடிக்கொண்டு மட்டும் இல்லை. ஒரு கையை மேலே தூக்கியிருந்தான். விரலில் ஏதோ தொங்கியது. பெரிதாக்கிப் பார்த்தாள். கிடைத்துவிட்டது என்று காட்டுகிறான். பாறையில் நிற்கிறவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு காட்டுகிறான்.

கோட்டில் எங்கே இடைவெளி என்று கண்டுபிடித்துவிட்டாள் தங்கத்தாய். எட்டு வருஷமாய் ஊற்றியதெல்லாம் அந்த வழியாகத்தான் ஓடி அவள் மேல் விழுந்திருக்கிறது.

அழுதாளா என்று கேட்காதீர்கள். மணி ஒன்றரை. அவளுக்கு நேரமில்லை.

* * *

முதலில், செல்விக்கு நீலம் போடுகிற யோசனையை விட்டாள். மஞ்சள் ஊற்றினாள். அன்றைய மஞ்சள், பூனம் சேலையின் மஞ்சள். குழந்தையின் கவுனுக்கு ரோஸ். கொலுசின் நூலுக்குப் பச்சை. ஒளிந்துகொள்ள வேண்டாம் என்று ஆனபிறகு கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது!

பாண்டித்துரையின் நிறத்துக்கு வந்தபோது தடுமாறினாள். எந்த மாநிறம் போட்டாலும் அவனாக இல்லை. பழைய போட்டோ எல்லாம் கடையத்தில் மாமியார் வீட்டில். இங்கே இருப்பது ஒன்றே ஒன்று.

சாரலில் நனைந்துகொண்டு பின்கட்டுக்குப் போனாள். விறகுக் குவியல் நனையாமல் மூடியிருந்த பிளக்ஸைத் திருப்பினாள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. மகாராஜா கடையில் அடித்தது. முகம் மழைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அவள்தான் ஒவ்வொரு சீசனிலும் உட்பக்கமாய்த் திருப்பிப் போடுவாள்.

"அந்தப் பிளக்ஸை எதுக்குட்டி உருட்டுதே?" என்றாள் மஞ்சு அடுப்படியிலிருந்து. "வெறகு நனைஞ்சா ஒன் கலரை வச்சா எரிக்க?"

"ஒரு நிமிசம் மைனி."

போனில் அந்த முகத்தைப் படம் எடுத்தாள். டேப்பில் போட்டு, நிறம் உறிஞ்சுகிற குழாயைக் கன்னத்தில் வைத்தாள். வெயிலில் வெளிறி நீலம் பாய்ந்திருந்தது, செத்தவன் நிறம். நெற்றியில் வைத்தாள், அதுவும் நீலம். கடைசியில் காதுக்குப் பின்னால், பிளக்ஸ் மடிந்து வெயில் படாத ஒரு விரற்கடை இடத்தில், அவன் இருந்தான்.

அந்த நிறத்தை எடுத்து ஊற்றினாள்.

பிறகு தண்ணீர். அருவி விழுகிற அடிப்பக்கம் வெள்ளை. மேல் விளிம்பில் செம்மண். நடுவில் தேத்தண்ணி. அதற்கு மேல் இன்னொரு லேயர் போட்டு, அபி சொல்லிக் கொடுத்தபடி அதை 'மல்டிப்ளை'யில் வைத்து நிழலை இருட்டினாள். சென்னைக்காரன் பார்த்தால் அந்திவெயில் என்பான். செங்கோட்டையிலிருந்து கடையம் வரைக்கும் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பாறையில் ஒருவன் பேசாமல் நின்றான் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

* * *

நாலே முக்காலுக்கு மகாராஜா டீ குடிக்க வந்தான். மஞ்சு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அபியும் சைக்கிளை நிறுத்திவிட்டு, பையைத் தோளில் இருந்து கழற்றாமலே வாசற்படியில் நின்று ஷூவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மகாராஜா டேப்பை வாங்கிப் பார்த்தான். பார்வை மேலிருந்து இறங்கி, மூன்றாம் கட்டத்தில் நின்றது.

"என்னட்டி இது? தண்ணி ஏன் இப்படிக் கெடக்கு? வெள்ளையா விடுன்னு சொன்னேம்லா?"

"வெள்ளையாவாண்ணே இருந்துச்சு?"

"ஆமா. வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"நீ ரோட்டுலல்லா நின்னே. சிக்னல் இல்லைன்னு."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. அவன் கை தானாகச் சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் குலுக்கியது. சலங்.

"இன்னும் ஒரு தடவ குலுக்குண்ணே," என்றாள் தங்கத்தாய். "நல்லா கேக்கட்டும். சரி, வெள்ளை இல்ல, கலங்கித்தான் இருந்துச்சுன்னு வையி. அதும் பாத்தவனுக்குத்தானே தெரியும்? வெள்ளையா, செவப்பா? நீ எதச் சொல்லுதியோ அதப் போட்டுருதேன். சொல்லு."

"கிறுக்கு புடிச்சிருச்சா? கற்பனைட்டி! ஆர்ட்டிஸ்ட் மனசுல பாத்து வரையுததுதான்."

மஞ்சு சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. புருஷனைக் கிண்டல் செய்ய இடம் கிடைத்தது, விடவில்லை. "மனசுலயா? நம்ம வாசல்ல நிக்குத முருங்கைய வரையவே போட்டோ புடிச்சிட்டுப் போனீய! போட்டோ பாக்காம நீங்க ஒரு வாழக்கன்னு வரைஞ்சு நான் பாக்கல."

"நீ வாய மூடுட்டி! போட்டோவும் கெடையாது, ஒண்ணுங் கெடையாது. அந்த போனே செத்துப் போயி நாலு வருசமாச்சு!"

போனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அது அவனுக்கும் உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்தான். தங்கத்தாய் தன் போனை எடுத்து மத்தியானத்துக் குரல் செய்தியைப் போட்டாள். 'கலங்குததுக்கு முன்னாடி கொத்துக் கொத்தா வந்துச்சுல்லா, அது.' அவன் குரல் அவன் வீட்டு நடுக்கூடத்தில் தெளிவாகக் கேட்டது.

"எலைய நீ பாத்துருக்கே. அவியளும் ஒன்னியப் பாத்துக் கையத் தூக்கிக் காட்டிருக்காவ. ஏன்ணே கத்தல?"

"தங்கம், நான் சொல்லுதத கேளு..."

"ஒரு வார்த்தண்ணே. 'கலங்குது'. அதுக்கு எவ்வளவு நேரம் ஆவும்? போட்டோ புடிக்குத நேரத்த விடக் கம்மிதானே? மனசுல பாத்து வரையுத ஆர்ட்டிஸ்ட்டுக்குத் தொண்டை இல்லாமப் போச்சா?"

இத்தனை வருஷத்தில் அவள் யாரையும் இப்படிப் பேசியதில்லை. பேசப் பேச அவளுக்கு ருசியாக இருந்தது. அண்ணன் முகம் வெளிறுவதை, எந்த நிறம் இது, எப்படிக் கலக்கலாம் என்று பார்த்தபடி நின்றாள்.

அடிபட்டவன் கையில் கிடைத்ததை எறிவான். மகாராஜா வாசல் பக்கம் திரும்பினான். அபி ஒரு காலில் ஷூவோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி அபி, இங்கன வா. ஒங்கப்பன எறங்கச் சொன்னது யாருன்னு ஒங்கம்மாட்ட கேளு! ஒத்தக் கொலுசுக்காக எறக்குனவ இவ! எறக்கி விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போனவ இவ! எட்டு வருசமா நான் மூடி வச்சேன், எனக்கே படிச்சுக் குடுக்கா!"

அபி டேப்பைப் பார்த்தாள். மஞ்சள் சேலை. நீட்டின கை. ரோஸ் கவுன்.

"நீயாம்மா எறங்கச் சொன்னே?"

"நான்தான்."

"வழுக்கிட்டாவன்னு சொன்னே."

தங்கத்தாய் வாயைத் திறந்தாள். சுவர்க்கடிகாரத்தில் நாலு ஐம்பத்தாறு. அஞ்சு மணிக்குள் போகாவிட்டால் இந்தப் பக்கம் வேறு கைக்குப் போகும். வேறு கை அருவியை வெள்ளையாக விடும். மகாராஜாவின் பொய் ஊர் முழுக்க அச்சாகும். நாலு நிமிஷம். மகளிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

"இரு தாயி, இதோ வந்துருதேன்," என்று டேப்பை எடுத்துக்கொண்டு, சிக்னல் நன்றாக இருக்கிற மாடிப்படிக்கு ஓடினாள். மகாராஜா எட்டிப் பிடிக்க வந்தான். குறுக்கே நின்றது மஞ்சு.

"நீங்க மொதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க," என்றாள் மஞ்சு. இப்போது அவள் சிரிக்கவில்லை. "ரோட்டுல நின்னீயளா, பாறையில நின்னீயளா?"

படம் மெல்ல மெல்ல ஏறியது. சாரலுக்கு நெட் இழுத்தது. நாலு ஐம்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தது.

சாமிடமிருந்து உடனே பதில். "மேடம், பிரமாதம்! நேரா அச்சுக்கு. மேல தண்ணி மட்டும் ஏன் செவப்பு?"

அவள் எழுதினாள்: "எங்க ஊர் ஆளுகளுக்குத் தெரியும். அப்படியே போடுங்க."

"சரி மேடம். பேரும் போட்டாச்சு, பாருங்க." அட்டையின் உட்பக்கம் படமாக வந்தது. கதை, சித்திரம்: மகாராஜா. அதற்குக் கீழே, அவளுடைய பேர்.

அதை மகளுக்குக் காட்டத்தான் படியிறங்கி வந்தாள்.

மகாராஜா நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மஞ்சு சுவரோடு சாய்ந்து நின்றாள். வாசற்படியில் ஒற்றை ஷூ கிடந்தது. சைக்கிள் இல்லை. டிவிக்குக் கீழே இருக்கிற இழுப்பறை திறந்து கிடந்தது. பழைய சார்ஜரும் பழைய பில்லும் கிடக்கிற இழுப்பறை. சார்ஜர் இல்லை. மகாராஜாவின் பழைய போனும் இல்லை.

செத்த போன் இல்லை அது. சார்ஜர் வயரை ஒரு பக்கமாய் வளைத்துப் பிடித்தால் உயிர் வரும். சின்ன வயதில் அதில் விளையாடியே வளர்ந்த அபிக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

தங்கத்தாயின் கையில் போன் அதிர்ந்தது. அபி அனுப்பியிருந்தாள்.

'கடையத்து ஆச்சி வீட்டுக்குப் போறேன். அந்த போட்டோவை ஆச்சிகூட உக்காந்து பாத்துக்கிடுதேன். மாமா கத்தலை. நீ சொல்லலை. ரெண்டு பேரும் என்னைத் தேடி வர வேண்டாம்.'

பாண்டித்துரையின் அம்மா எட்டு வருஷமாக இலஞ்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். அந்தப் போட்டோவில் இன்னும் என்ன இருக்கிறது என்று, போன் சாகும் வரை அதைப் பார்த்துப் பார்த்து மனசில் பதித்திருந்த மகாராஜாவுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தலையை நிமிர்த்தி, சுவரைப் பார்த்து, "ஐயோ, அதை அபி பாக்கக் கூடாதுட்டி," என்றான். முதல் தடவையாக அவன் கையில் சாவி சத்தம் போடவில்லை.

தங்கத்தாயின் இன்னொரு கையில் டேப் வெளிச்சமாய்க் கிடந்தது. வண்ணம்: தங்கத்தாய். படித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை.

எழுந்து போய் அடுப்பைப் பற்றவையுங்கள், தாயிகளா. பிள்ளைகள் வருகிற நேரம். உங்கள் வீட்டுத் தண்ணீர் தெளிந்து ஓடட்டும். உங்களுக்காகப் பாறையில் நிற்கிறவன் கண்ணுள்ளவனாக மட்டும் இல்லாமல் குரலுள்ளவனாகவும் இருக்கட்டும். சொல்ல வேண்டியதைச் சொல்ல உங்கள் வாசலில் எப்போதும் நாலு நிமிஷம் மிச்சம் இருக்கட்டும்.